கல்லென்று பெயர் பெற்ற உயிர்

தில்லியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் துவாரகாவில் கடல் இல்லை. பெயர் மட்டுமே கடலோர நகரொன்றிடமிருந்து வந்தது. ஆனால் விமான நிலையம் அருகிலேயே இருக்கிறது. குளிர்கால விடுமுறை தொடங்கியதும் அங்குள்ள அடுக்கக வீடுகளிலிருந்து அந்தமானுக்கும் இலட்சத்தீவுகளுக்கும் புறப்படும் குடும்பங்கள் பல. அவர்களுடைய பயணத் திட்டத்தில் கடலடி முக்குளிப்பு இப்போது தவறாத ஓர் அங்கமாகிவிட்டது. பயிற்றுநர் ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள, அரை மணி நேரம் நீருக்கடியில் கழிகிறது. திரும்பி வந்தபின் படங்கள் பகிரப்படுகின்றன. நீலப் பின்னணி, முகக் கண்ணாடி, உயர்த்திய கட்டைவிரல், சுற்றிலும் வண்ண மீன்கள். முக்குளிப்போர் மொழியில் உயர்த்திய கட்டைவிரலுக்கு ‘மேலே போகலாம்’ என்று பொருள் என்பது படத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சுற்றி நிற்கும் மீன்கள் எவை என்பதும் தெரியாது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ‘மீன், பவளப்பாறை, அவ்வளவு அழகு’ என்பதே விடை.

இது பார்வைக் குறைபாடன்று. அதே துவாரகாவிலிருந்து ஞாயிறு விடியற்காலையில் நஜஃப்கர் ஏரிக்கும் வாய்க்கால் கரைக்கும் இருநோக்கியுடன் செல்வோர் இருக்கிறார்கள். பூநாரைக்கும் செங்கால் நாரைக்கும் வேறுபாடு அவர்களுக்குத் தெரியும். வரித்தலை வாத்து எந்த மாதம் வரும், எப்போது மலை கடந்து திரும்பும் என்பதும் தெரியும். ஏரிக்கரையில் இத்தனை கூர்மையாகப் பார்க்கும் கண், பவளத் திட்டின்மேல் மிதக்கும்போது நிறங்களை மட்டும் கண்டு திரும்புகிறது. இவ்வேற்றுமைக்கு விளக்கம் தேவை.

பறவை நோக்குதலுக்கு ஒரு நெடிய ஏற்பாடு துணை நின்றது. சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வந்தது. 1987 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; அதில் ஆய்வாளரோடு அலுவலக எழுத்தரும் பள்ளி மாணவரும் சேர்ந்தே எண்ணுகிறார்கள். தமிழிலும் க. ரத்னத்தின் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ போன்ற முயற்சிகள் ஊர்ப் பெயர்களைத் தொகுத்தன. பெயரும் படமும் பழக்கமும் சேர்ந்ததால்தான் ஒரு நீர்நிலை தூர்க்கப்படும்போது, அங்கே எது இல்லாமற்போகும் என்று சொல்லக்கூடிய மனிதர்கள் உருவானார்கள். கடலடி வாழ்க்கைக்கு அத்தகைய பொதுமக்கள் கூட்டம் இந்தியாவில் இன்னும் போதுமான அளவு உருவாகவில்லை. அதை உருவாக்குவது பொழுதுபோக்கு சார்ந்த விருப்பமன்று, பாதுகாப்பு சார்ந்த தேவை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

நீருக்கடியில் அடையாளம் காண்பது கரையில் காண்பதைக் காட்டிலும் கடினம். கடல்நீர் சிவப்பு ஒளியை முதலில் உறிஞ்சிவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்திற்குள் சிவப்பு மீன் பழுப்பாகவோ சாம்பலாகவோ தோன்றத் தொடங்கும். முகக் கண்ணாடிக்கும் நீருக்கும் இடையில் ஒளி விலகுவதால் பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு அருகிலும் தெரியும். எனவே நிறத்தையும் அளவையும் மட்டும் நம்பிப் பெயர் சொல்பவர் தவறுவார். தேர்ந்தவர் முதலில் உடல்வடிவத்தைப் பார்க்கிறார். பிறகு நீந்தும் விதத்தைப் பார்க்கிறார். கிளிமீன் பக்கத் துடுப்புகளைத் துடுப்புவலிப்பது போல் அசைத்துச் செல்லும். கிளாத்தி முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் அலையலையாய் நெளிக்கும். வால் தொடங்கும் இடத்தில் கத்தி போன்ற முள் இருந்தால் அது வேறொரு குடும்பம். இருப்பிடம், துணை, உணவு ஆகியவை அடுத்த கேள்விகள்.

நிறம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குக் கிளிமீனே சான்று. பல கிளிமீன் வகைகளில் இளையவையும் பெண்மீன்களும் மங்கிய நிறத்தில் இருக்கும். பெண்மீன்களுள் சில பின்னர் ஆணாக மாறிப் பச்சையும் நீலமுமாய் ஒளிரும். பழைய இயற்கை ஆய்வாளர்கள் ஒரே வகையின் இரு பருவங்களை இரு வேறு வகைகளாக எண்ணிப் பெயரிட்டதுண்டு. இன்னொரு சான்று, பிற மீன்களின் உடலில் ஒட்டியுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று துப்புரவு செய்யும் நீலக்கோட்டுச் சிறுமீன். பெரிய களவாயும் அதன்முன் வாய் திறந்து அசையாமல் நிற்கும். அதே கோடு, அதே அளவு, அதே ஆட்டம் கொண்ட போலி மீன் ஒன்று உண்டு; அது நெருங்கி வந்து துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடும். இரண்டையும் பிரிப்பது வாயின் அமைப்பு. துப்புரவு மீனுக்கு வாய் முகத்தின் முனையில், போலிக்கு அடிப்பக்கம். இந்த ஒரு குறிப்பை அறிந்தவருக்கு அந்தப் பவளத் திட்டு ஓர் அலங்காரத் தொட்டியாகத் தோன்றாது. அங்கே நடக்கும் தொழிலும் ஏமாற்றும் தெரியத் தொடங்கும்.

ஆனால் இவை யாவும் இரண்டாம் பாடம். முதல் பாடத்திலேயே பெரும்பாலோர் தவறுகின்றனர். பவளம் ஒரு விலங்கு என்பதே அந்தப் பாடம். ‘பவளப்பாறை’ என்னும் சொல் பாறையைக் காட்டுகிறது. அதன் மேற்பரப்பில் விரிந்திருக்கும், நுண்ணிய கைகளால் இரை பிடிக்கும் கோடிக்கணக்கான சிற்றுயிர்களை மறைத்துவிடுகிறது. தூத்துக்குடிக் கரையோரத்தில் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டியெடுக்கப்பட்டுச் சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் போனது. கல்லென்று கருதப்பட்டது கல்லைப்போலவே நடத்தப்பட்டது. இன்றும் ஆழமற்ற நீரில் களைத்துப்போன சுற்றுலாப் பயணி கால் ஊன்ற இடம் தேடிப் பவளத்தின்மேல் நிற்கிறார். அவருக்குக் கெட்ட எண்ணமில்லை. தாம் எதன்மேல் நிற்கிறோம் என்பதை அவர் அடையாளம் காணவில்லை, அவ்வளவே.

தில்லித் துவாரகாவுக்குப் பெயர் தந்த குஜராத் கடற்கரையிலும் இதே கதைதான். அங்குள்ள கட்ச் வளைகுடாவில் நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்கா 1982இல் அமைந்தது. அதன் நராரா பகுதியில் வற்றம் விழும்போது முக்குளிக்காமலே, நடந்தே பவளத்தைப் பார்க்கலாம். பேத்தை மீனையும் பேய்க்கணவாயையும் முழங்கால் நீரில் காணும் அரிய இடம் அது. நடப்பவர் கல்லையும் பவளத்தையும் பிரித்தறிந்தால் அந்த நடை கல்வி. அறியாவிட்டால் ஒவ்வோர் அடியும் சேதம்.

வெளிறிய பவளத்தை அடையாளம் காண்பது இதைவிடவும் முக்கியமானது. கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறி அந்நிலை சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெண்மையாகிறது. மன்னார் வளைகுடா 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய வெளிறலைக் கண்டது. உலகளாவிய நான்காம் வெளிறல் நடந்துகொண்டிருப்பதை அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. பயிலாத கண்ணுக்கு வெண்பவளம் கொள்ளை அழகு. படத்தில் பளிச்சென்று தெரியும். பயின்ற கண்ணுக்கு அது பட்டினி கிடக்கும் உயிர். வெளிறிய பவளம் இறந்துவிடவில்லை. சூடு தணிந்தால் மீளவும் கூடும். இறந்த பவளத்தின்மேல் விரைவில் பாசி படர்ந்து பழுப்பாகும். இந்த மூன்று நிலைகளையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆயிரம் பேர் ஆண்டுதோறும் ஒரே கடலில் இறங்கினால், எந்த ஆய்வு நிறுவனமும் தன் ஊழியரை மட்டும் கொண்டு திரட்ட முடியாத செய்தி கிடைக்கும். பவள உயிரிகளை மட்டுமே தின்னும் சில வண்ணாத்தி மீன்கள் இணையாக உலவுகின்றனவா, குறைந்துவிட்டனவா என்ற ஒரு குறிப்புக்கூட அந்தத் திட்டின் உடல்நிலையைச் சொல்லும்.

அப்படியானால் அறிவு எங்கிருந்து வர வேண்டும்? முக்குளிப்புப் பயிற்சி தரும் பன்னாட்டு அமைப்புகளின் ஆங்கில அட்டைகள் பயனுள்ளவைதாம். ஆனால் அந்த அட்டைகளோடு தொடங்கியதன்று இந்நாட்டின் முக்குளிப்பு. தமிழில் ‘குளித்தல்’ என்ற சொல்லே மூழ்கி எடுப்பதையும் குறிக்கும். முத்துக்குளித்தலும் சங்குகுளித்தலும் அதன் சான்றுகள். கொற்கைக் காலந்தொட்டு மன்னார் வளைகுடாவின் ‘பார்’களில் மூச்சடக்கி இறங்கியவர்கள் கடலடியைக் கையால் அறிந்தவர்கள். பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. சங்கு எடுப்போர் இருக்கிறார்கள். இராமேசுவரம் தீவுப் பகுதியில் முகக் கண்ணாடியும் விரல்களில் சுற்றிய துணியுமாக மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு வழங்கப்பட்டது. தீவுச் சூழலைக் காப்போருக்கான அந்தப் பன்னாட்டுப் பரிசு, அவர்களுடைய அறிவுக்குக் கிடைத்த ஏற்பும் ஆகும்.

அந்த அறிவு பெயர்களில் படிந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் ஓர் ஆமைக்கு அழுங்காமை என்று பெயர். அழுங்கு என்பது உடல் முழுவதும் செதில் அடுக்கிய எறும்புதின்னி. அந்த ஆமையின் முதுகோட்டுத் தகடுகளும் அழுங்கின் செதில்களைப் போலவே ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மற்ற ஆமைகளிலிருந்து அதைப் பிரித்தறிய உயிரியல் கையேடுகள் சொல்லும் முதன்மையான அடையாளங்களுள் அதுவும் ஒன்று. கணவாய்களைப் பாருங்கள். உள்ளே சுண்ணாம்பு ஓடு உடையது ஓட்டுக்கணவாய். ஒல்லியாய் நீண்டது ஊசிக்கணவாய். எட்டுக் கைகளோடு பொந்தில் ஒளிந்து நிறம் மாறுவது பேய்க்கணவாய். கடலட்டைகளுள் ஒன்று, சீண்டினால் ஒட்டிக்கொள்ளும் வெண்ணூல்களை உமிழும். அதற்கு நூல் அட்டை என்று பெயர். இவை வெறும் வழக்குப் பெயர்களல்ல. ஒவ்வொன்றும் ஒரு வரியில் எழுதப்பட்ட அடையாளக் குறிப்பு. பெயரைக் கேட்டவர் உயிரைப் பார்த்ததும் கண்டுகொள்ளலாம்.

அறிவியலுக்கு இது புதிய செய்தியன்று. முத்து, சங்குக் குளிப்புகளைக் கண்காணித்த ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி 1914இல் தனி நூலே எழுதினார். குளிப்பவர்களின் தொழிலையும் வழக்கத்தையும் அறியாமல் அப்படி ஒரு நூலை எழுதியிருக்க இயலாது. குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் விரிவான ஏடு வெளியிட்டது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல தலைமுறை ஆய்வாளரைத் தந்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் வளைகுடாவின் பவளத்தை நீரில் இறங்கிக் கணக்கெடுத்து 117 வகைகளைப் பதிவு செய்தது. இவ்வளவு உழைப்பின் பெரும்பகுதி ஆங்கிலத்தில், வல்லுநருக்கான நடையில் இருக்கிறது. கரையில் இருக்கும் பெயரும் நூலில் இருக்கும் பெயரும் ஒரே பக்கத்தில் சந்திப்பது அரிதாகவே நிகழ்கிறது.

இந்த இடைவெளியின் விலையைக் கொடுப்பவர் சுற்றுலாப் பயணி அல்லர், மீனவர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001இல் கடலுயிர்கள் பல சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் பவளங்கள், கடற்குதிரைகள், கடலட்டைகள், சில சங்கு வகைகள் அவற்றுள் அடங்கும். அந்த ஆண்டு ஜூலையில் சுறாவும் திருக்கையும் வகை வேறுபாடின்றி முழுவதுமாகச் சேர்க்கப்பட்டன. எதிர்ப்பு எழுந்தபின் டிசம்பரில் அப்பட்டியல் குறிப்பிட்ட சில வகைகளாகச் சுருக்கப்பட்டது. அவற்றிலும் வேளாவை அதன் வாள்மூக்கைக் கொண்டு எவரும் அறியலாம். கங்கைச் சுறாவையும் காளைச் சுறாவையும் பிரிக்க வல்லுநரே தடுமாறுவர். கடலட்டையோ ஒரே வரியில் அனைத்தும் தடை. வெள்ளை அட்டை, ராஜ அட்டை, நூல் அட்டை என்று கரை பிரித்தறிந்த உயிர்களைத் தில்லியின் அட்டவணை ஒரே மூட்டையாகக் கட்டியது. நீரிணைக்கு அப்பால் இலங்கையில் உரிமம் பெற்று எடுக்கக்கூடிய உயிர், இப்பக்கம் எந்த வகையாயினும் குற்றம்.

பாதுகாப்பு வேண்டாம் என்பதன்று இதன் பொருள். கடலட்டை மணலைத் தின்று தூய்மைப்படுத்தும் உயிர். மிகையாக எடுத்தால் அழியும். கேள்வி வேறு. அடையாளம் காணும் திறனை எவருக்கும் கற்றுத் தராமல் தண்டனையை மட்டும் வகுப்பது எவ்வளவு நியாயம்? வலையில் ஏறியது எது என்று மீனவரும், பறிமுதல் செய்வது எது என்று காவலரும், பட்டியலில் இருப்பது எது என்று அதிகாரியும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே பெயரைச் சொல்ல முடியும்போதுதான் சட்டம் கடலுக்குள் இறங்கியதாகும். அதுவரை அது ஜோர் பாக் அலுவலகத்தின் கோப்பிலேயே இருக்கும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, ஊர்ப் பெயர்கள் துல்லியமற்றவை. இது உண்மை. ஒரே பெயர் பல வகைகளுக்கு வழங்கும். பாம்பனில் ஒரு பெயரும் தூத்துக்குடியில் வேறொரு பெயரும் இருக்கும். கிளிமீன் என்ற சொல்லே சில கரைகளில் முற்றிலும் வேறொரு மீனைக் குறிக்கும். ஆகவே அறிவியற்பெயரை விலக்க முடியாது; விலக்கவும் கூடாது. ஆயினும் பறவைகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. ஊர், வகை, பேசுவோர் ஆகியவற்றைக் குறித்துத் தொகுத்தபோது சிக்கலே தரவாக மாறியது. எந்த ஊரில் எந்த உயிருக்குத் தனிப்பெயர் இருக்கிறது என்பது, அந்த ஊர் எதை உற்றுப் பார்த்தது என்பதற்கான வரலாறும் ஆகும்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. அடையாளம் காணும் ஆசை வளர்ந்தால் தொல்லையும் வளரும். அரிய கடற்குதிரையைப் படமெடுக்க அதைக் குச்சியால் திருப்பி வைப்போர் உண்டு. பேத்தை மீனை ஊதவைத்துச் சிரிப்போர் உண்டு. கோமாளி மீனைக் காணக் கடற்சாமந்தியைத் துழாவுவோர் உண்டு. பட்டியலில் ஒரு பெயரைக் கூட்ட வேண்டுமென்ற வேட்டை மனநிலை, தூண்டில் இல்லாத வேட்டையே. இதற்கு மாற்று, அறியாமை அன்று; நல்ல பயிற்சி. உண்மையில் நன்கு அடையாளம் காண்பவர் தொடுவதில்லை; தொட்டவுடன் உயிரின் இயல்பான நடத்தை மறைந்துவிடும், நடத்தை மறைந்தால் அடையாளமும் மறையும். ஓரிடத்தில் சமநிலையோடு மிதந்து, மூச்சைச் சீராக்கி, ஐந்து நிமிடம் அசையாமல் இருப்பவருக்குப் பொந்திலிருந்து அஞ்சாலை தலைநீட்டும். பேய்க்கணவாய் நிறம் மாறும். துரத்துபவருக்கு வால் மட்டுமே தெரியும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் அந்தமானுக்கும் தமிழில், நீரில் நனைந்தாலும் கெடாத அடையாளக் கையேடுகள் வேண்டும். அவற்றில் அறிவியற்பெயரும் ஊர்ப் பெயரும் சம இடம் பெற வேண்டும். சங்கு குளிப்போரும் பாசி எடுக்கும் பெண்களும் ‘தகவல் தந்தோர்’ என்று நன்றியுரையின் கடைசி வரியில் இடம்பெறாமல், தொகுப்பாசிரியர்களாக அட்டையில் இடம்பெற வேண்டும். சுற்றுலா முக்குளிப்பு நடக்கும் இடங்களில் நீரில் இறங்குமுன் பத்து நிமிடம் ஐந்து உயிர்களையும், அவற்றுள் முதலாவதாகப் பவளத்தையும் அறிமுகம் செய்வது கட்டாயமாக வேண்டும். அட்டவணையில் ஓர் உயிரைச் சேர்க்கும் அறிவிக்கையோடு, கடலோர மொழிகளில் படத்துடன் கூடிய விளக்கமும் வெளிவர வேண்டும்.

துவாரகாவுக்கும் இதில் பங்குண்டு. தில்லித் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குக் கடல் என்பது கோடையில் ஊருக்குப் போகும்போது காணும் ஒன்று. அவர்கள் கோமாளி மீனைத் திரைப்படத்தால் அறிவார்கள். அழுங்காமையை அறிய மாட்டார்கள். அடுத்த குளிர்காலத்தில் அந்தமானுக்குச் சீட்டுப் பதிவு செய்யும் பெற்றோர், நஜஃப்கர் கரைக்குப் போகுமுன் பறவை நூலைப் புரட்டுவது போல், பத்து உயிர்களின் பெயரையும் அடையாளத்தையும் பிள்ளைகளோடு படித்துவிட்டுப் போகலாம். நீரிலிருந்து எழுந்த பிள்ளை ‘வண்ண மீன் பார்த்தேன்’ என்பதற்கு மாறாக, ‘அந்த ஆமையின் ஓடு செதில் செதிலாகப் படிந்திருந்தது, அப்படியென்றால் அது அழுங்காமைதானே?’ என்று கேட்டால், பல நூறாண்டுகளாக மூச்சடக்கி இறங்கியவர்கள் கண்ட ஒன்றை அந்தப் பிள்ளையும் கண்டிருக்கிறது. பவளத்தின்மேல் கால் வைக்க அதற்கு மனம் வராது.